ஸ்பிதியின் கோம்பாக்களையும் அருங்காட்சியகங்களையும் ஒழுங்காகப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்பிதி போய் வந்தவர்களிடம் அங்குள்ள பழைய தாபோ மடாலயம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர், "உள்ளே ஒரே இருட்டு, ஒண்ணும் சரியாத் தெரியலை" என்பார்கள். மீதிப் பேர் போன நேரத்தில் கதவு பூட்டியிருந்திருக்கும். இன்னும் சிலர் தலைவலியோடு ஓட்டல் அறையில் படுத்திருந்திருப்பார்கள். இமாசலப் பிரதேசத்தின் மூலைக்கு அத்தனை தூரம் போய் இப்படித் திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு போகிறார்கள், வரிசையை யோசிப்பதில்லை.

இங்கே டிக்கெட் கவுன்டர், திறப்பு நேரப் பலகை, குழல் விளக்கு எல்லாம் எல்லா இடத்திலும் இருக்காது. கோம்பா என்பது மடாலயம். துறவிகள் வாழும் வீடும் அதுவே. சாவி ஒருவர் கையில் இருக்கும், அவர் வயலில் இருப்பார். உங்கள் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்க வேண்டும், சாவிக்காரர் ஊரில் இருக்க வேண்டும், வெளியே வெயில் இருக்க வேண்டும். மூன்றும் கூடிவரும்படி பயணத்தை அடுக்குவதுதான் வேலை. படிப்படியாகப் பார்ப்போம்.

1. முதலில் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் மாதத்தை

ஸ்பிதிக்கு இரண்டு வாசல்கள். ஒன்று, சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் சுற்றி வருவது. ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா வரை 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இன்னொன்று, மணாலியிலிருந்து அடல் சுரங்கப்பாதை தாண்டி, குன்சும் கணவாய் வழியாக நேரே இறங்குவது. தூரம் பாதிதான். அதனால் புதிதாக வருகிறவர்கள் மணாலியைப் பிடிக்கிறார்கள். முதல் தவறு இதுதான்.

மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். குன்சும் 4,500 மீட்டருக்கு மேல். ஒரே பகலில் அங்கே ஏறி, அன்றிரவே 3,700 மீட்டர் அளவில் இருக்கும் காசாவில் படுத்தால் மலைநோய் வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. அடுத்த இரண்டு நாள் எந்தச் சுவரோவியமும் கண்ணுக்குத் தெரியாது.

சிம்லா பக்கம் உயரம் மெல்ல மெல்லக் கூடும். எனவே சிம்லா வழியாகப் போய் மணாலி வழியாக வெளியே வாருங்கள்.

மாதத்தை இது தானாகவே முடிவு செய்துவிடும். குன்சும் கணவாய் ஏறக்குறைய ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கின்னௌர் சாலையில் நிலச்சரிவு அதிகம். ஒரு சரிவு விழுந்தால் ஒரு நாள் முழுக்கப் போகும். என்னைக் கேட்டால் செப்டம்பர். மழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், கோம்பாக்களில் கூட்டமும் குறைவு. ஆனால் அறுவடை நேரம் என்பதால் சிறு கிராமங்களில் சாவிக்காரர் வயலில் இருப்பார், காத்திருக்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை: இந்தியக் குடிமக்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் இது திபெத் எல்லைக்குப் பக்கத்துச் சாலை. சோதனைச் சாவடியில் கேட்பார்கள், அசல் அட்டையையே வைத்திருங்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, கனடா என்று எங்கிருந்து வந்தாலும், ஜங்கிக்கும் சும்டோவுக்கும் இடைப்பட்ட சாலைப் பகுதிக்குப் பர்மிட் வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் இதே கதைதான். "பூர்வீகம் மதுரைதானே" என்று சாவடியில் வாதாடிப் பயனில்லை. சிம்லாவிலோ, கின்னௌர் மாவட்டத் தலைநகரான ரெக்காங் பியோவிலோ வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் அலுவலகம் திறக்காது என்பதால், ரெக்காங் பியோவுக்கு வேலை நாளில் போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்தாலும் அவருக்காக எல்லோரும் நிற்க வேண்டிவரும்.

ரொக்கம்: காசாவில் ஏ.டி.எம். உண்டு. அதில் பணம் இருக்குமா என்பது வேறு விஷயம். ரெக்காங் பியோவில் தேவையானதை எடுத்துவிடுங்கள். அதில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஒரு கட்டு தனியாக. கோம்பா உண்டியலில் போடவும், கதவைத் திறந்துவிட்டவருக்குக் கொடுக்கவும் அதுதான் உதவும். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிச் சில்லறை கேட்பது இரண்டு பேருக்கும் சங்கடம்.

டார்ச்: இதை மட்டும் மறக்கவே கூடாது. போன் வெளிச்சம் போதாது. அதோடு போனை உயர்த்தினால் படம் எடுக்கிறீர்கள் என்று லாமா நினைப்பார். வெளிச்சத்தைக் குறைக்கவும் கூட்டவும் முடிகிற சிறிய கை டார்ச் நல்லது. முகப்பில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியோ டிஷ்யூ தாளோ ஒட்டிக்கொண்டால் ஒளி பரவலாக விழும். காரணத்தைத் தாபோவுக்கு வரும்போது சொல்கிறேன்.

காலில் தடித்த சாக்ஸ்: செருப்பைக் கழற்றிவிட்டு மண் தரையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். செப்டம்பரிலேயே உள்ளங்கால் விறைத்துவிடும். கால் குளிர்ந்தால் பத்தே நிமிடத்தில் வெளியே ஓடத் தோன்றும். பலர் அவசரமாகப் பார்த்துவிட்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து: மலைநோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றி ஊரிலேயே டாக்டரிடம் கேளுங்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் போகலாமா என்பதையே டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சொந்த வண்டி, பைக் என்றால், ரெக்காங் பியோவுக்குக் கீழே போவாரியில் டேங்கை நிரப்புங்கள். அடுத்து நம்பக்கூடிய பங்க் காசாவில்தான். இடையே சுமார் 200 கிலோமீட்டர்.

பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் எடுத்துப்போகலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. தங்கும் வீடுகளில் சோறு கிடைக்கும்.

3. சிம்லாவில் ஒரு நாள், அதுவும் திங்கள்கிழமை வேண்டாம்

சிம்லாவில் இமாசல் மாநில அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஸ்பிதிதானே வந்தோம் என்று. ஆனால் உயரத்துக்குப் பழக உடம்புக்கு எப்படியும் ஒரு நாள் தர வேண்டும். அந்த நாளில் கண்ணையும் பழக்கிக்கொள்ளலாம். பஹாரி நுண்ணோவியங்களும் மலைக் கோயில் சிற்பங்களும் நல்ல வெளிச்சத்தில், பெயர்ப் பலகையோடு இருக்கும். ஸ்பிதியில் பெயர்ப் பலகையே இருக்காது.

ஆங்கிலேய வைஸ்ராய் குடியிருந்த மாளிகை இப்போது உயராய்வு நிறுவனமாக இருக்கிறது. உள்ளே தனியாகச் சுற்ற விடமாட்டார்கள், வழிகாட்டியோடு குழுவாகத்தான் அனுப்புவார்கள். அதனால் முதலில் அங்கே டிக்கெட் வாங்கி உங்கள் குழுவின் நேரத்தைத் தெரிந்துகொண்டு, இடைவெளியில் தோட்டத்தைச் சுற்றுங்கள். அருங்காட்சியகம், மாளிகை இரண்டுக்குமே திங்கள் விடுமுறை. சென்னையிலிருந்து சனிக்கிழமை கிளம்பி டெல்லி, கால்கா வழியாக வருகிறவர்கள் சரியாகத் திங்களன்று சிம்லாவில் வந்து நிற்பார்கள். டிக்கெட் போடும்போதே கிழமையைப் பாருங்கள்.

4. சராஹன், கல்பா: இரண்டு இரவுகள்

சிம்லாவிலிருந்து ஒரே மூச்சில் நாக்கோவுக்கோ தாபோவுக்கோ ஓட வேண்டாம். முதல் இரவு சராஹன், இரண்டாவது இரவு கல்பா. சராஹன் சிம்லாவின் உயரம்தான், கல்பா 3,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே. இந்த இரண்டு இரவும் உடம்புக்கு நீங்கள் கொடுக்கும் முன்பணம்.

சராஹனின் பீமாகாளி கோயில் மரமும் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கிய கோபுர வீடு. உள்ளே போகும் முன் தலையை மூட வேண்டும், இமாசலத் தொப்பி அங்கேயே தருவார்கள். தோல் பெல்ட், பர்ஸ், போன், கேமரா எல்லாவற்றையும் லாக்கரில் வைக்க வேண்டும். பெல்ட் இல்லாமல் நிற்காத பேன்ட் அன்றைக்கு வேண்டாம். வளாகத்துக்குள்ளேயே சின்ன அருங்காட்சியகமும் உண்டு. கோயிலைப் பார்த்த கையோடு அதையும் பார்த்துவிடுங்கள், வெளியே வந்துவிட்டால் திரும்பிப் போகத் தோன்றாது.

கல்பாவில் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. சீக்கிரம் சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, தூங்குங்கள்.

5. கல்பா முதல் தாபோ வரை: நாக்கோவில் நில்லுங்கள், தங்காதீர்கள்

காலை ஆறரைக்குள் கிளம்பிவிட வேண்டும். கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர்தான், ஆனால் மலைச்சாலையில் ஒரு பகல் முழுக்க ஆகும். இந்தப் பாதையில் பிற்பகலில் காற்று வீசும், கல் உருளும். காலையில் ஓரளவு அமைதியாக இருக்கும்.

நாக்கோ ஏறக்குறைய 3,660 மீட்டர். தாபோ 3,280தான். வரைபடத்தில் நாக்கோ முதலில் வருவதால் அங்கே அறை போடுகிறவர்கள் அதிகம். பகலில் உயர ஏறி, இரவில் தாழ இறங்கித் தூங்குவதுதான் உடம்புக்கு நல்லது. எனவே நாக்கோவில் ஏரிக்கரையையும் பழைய கோயில் தொகுதியையும் பார்த்துவிட்டு, தாபோவுக்கு இறங்கிவிடுங்கள். நாக்கோவில் நான்கு மண் கோயில்கள் ஒரே முற்றத்தில் இருக்கின்றன. எல்லாம் பூட்டியிருந்தால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

தாபோவில் இரண்டு இரவுகள் போடுங்கள். ஒரு இரவு போதும் என்பார்கள், கேட்காதீர்கள். நீங்கள் வந்து சேரும்போது மாலை ஆகியிருக்கும், கண்ணும் சோர்ந்திருக்கும். தாபோவை அப்போது பார்க்கக் கூடாது.

6. சாவியைக் கண்டுபிடிக்கும் முறை

ஸ்பிதியில் பூட்டிய கதவு என்றால் "மூடிவிட்டார்கள்" என்று அர்த்தமில்லை. திறக்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான். நம்மூர்க் கோயில் போல நடை திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்தால் நாள் முழுக்கக் காத்திருப்பீர்கள்.

முதலில் கோம்பாவின் சமையலறையைத் தேடுங்கள். புகை வருகிற பக்கம் போனால் போதும், யாராவது இருப்பார்கள். "ஜூலே" என்று கும்பிட்டுவிட்டு, "சாபி கிஸ்கே பாஸ் ஹை?" என்று கேளுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்கு இந்தி. இந்த ஒரு வாக்கியம் தெரிந்தால் போதும். மூத்த துறவியை "லாமா ஜி" என்று அழையுங்கள், பெயர் தெரிய வேண்டியதில்லை.

மடாலயத்தில் ஆள் இல்லையென்றால் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அதைவிட நல்லது, முந்தின இரவே நீங்கள் தங்கும் வீட்டுக்காரரிடம் சொல்லிவைப்பது. அவரே போன் பண்ணி, "நாளைக்குக் காலையில் ஆள் இருப்பார்களா" என்று விசாரித்துவிடுவார். செல்போன் சிக்னல் ஊருக்கு ஊர் மாறும் இடத்தில் இந்த முறைக்கு ஈடு இல்லை.

திறந்துவிடுகிறவர் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதை மறக்காதீர்கள். உங்கள் குழுவில் எல்லோரும் வந்துசேர்ந்த பிறகு கூப்பிடுங்கள். ஒருவர் ஒருவராக வந்து மூன்று தடவை பூட்டைத் திறக்கச் சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்றாவது தடவை அவர் வரமாட்டார், அது நியாயமும்கூட.

7. தாபோ: உள்ளே போனபின் செய்ய வேண்டியது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு இடத்துக்கு நேரம் ஒதுக்க முடியும் என்றால் தாபோவுக்கு ஒதுக்குங்கள். கி.பி. 996இல் எழுந்த மண் கட்டடம், இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாணி மெழுகிய சுவர் போலத்தான் தெரியும். அதனாலேயே பலர் பக்கத்திலிருக்கும் புதுக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு அதுதான் தாபோ என்று திரும்பிவிடுகிறார்கள். தாழ்ந்த மதில், அதற்குள் பல சிறு கோயில்கள், நடுநடுவே வெள்ளை ஸ்தூபிகள். பழைய வளாகம் அதுதான்.

இரண்டாம் நாள் காலை, ஆறு மணியை ஒட்டிப் புது மண்டபத்தில் துறவிகளின் பிரார்த்தனை நடக்கும். சத்தமில்லாமல் ஓரமாக உட்காரலாம். பிரார்த்தனை முடிந்து வெயில் ஏறியதும், ஒன்பது மணிக்கு மேல், பழைய வளாகத்தின் பிரதானக் கோயிலுக்குப் போங்கள். அந்த மண்டபத்துக்கு ஜன்னல் கிடையாது, மேலே கூரைத் திறப்பு வழியாக விழும் கொஞ்சம் வெளிச்சம்தான். வெளியே வெயில் இருந்தால்தான் உள்ளே ஏதாவது தெரியும்.

உள்ளே நுழைந்ததும் டார்ச்சைப் போடாதீர்கள். நடுவில் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். வெளியே மலை வெயிலில் கூசிய கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாகும். முதலில் நடுவே நான்கு திசையும் பார்த்து உட்கார்ந்திருக்கும் வைரோசனர் என்ற புத்தர் தெரிவார். அப்புறம் சுவர்களில், உங்கள் தலைக்கு மேலே, சுதை உருவங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். 30க்கும் மேற்பட்ட உருவங்கள், ஏறத்தாழ ஆள் அளவு. கீழே தாங்குவதற்குத் திண்ணையோ தூணோ இல்லாமல் சுவரிலிருந்தே வெளிப்பட்டுத் தாமரையில் உட்கார்ந்திருக்கும். உடனே டார்ச் அடித்தவர்களுக்கு ஒரு சமயத்தில் ஒரு முகம் மட்டும்தான் தெரியும். இத்தனை பேரும் சேர்ந்து உங்களைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரியவே தெரியாது.

இப்போது டார்ச்சை எடுங்கள், குறைந்த வெளிச்சத்தில். ஓவியத்தின் மேல் நேராக அடிக்காமல், தரையிலோ சுவரின் அடியிலோ சாய்த்துப் பிடியுங்கள். தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளியே போதும். பழைய நிறங்களை வலுவான ஒளி வெளுக்கச் செய்யும் என்பது ஒரு காரணம். நேராக அடித்தால் சுவரின் மேற்பரப்பு பளிச்சென்று மின்னி ஓவியத்தை மறைத்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

சுற்றுவது இடமிருந்து வலமாக, நாம் பிராகாரம் சுற்றுவது போலவே. இங்கே அது மரியாதைக்கு மட்டும் இல்லை. கோயில் கிழக்கு பார்த்தது. நுழைந்து இடப்பக்கம் திரும்பினால் தெற்குச் சுவர். அங்கே சுதனன் என்ற இளைஞன் ஞானம் தேடி ஆசிரியர் ஆசிரியராகப் போகும் கண்டவியூகக் கதை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. மேற்கே கருவறையைச் சுற்றிவந்து வடக்குச் சுவருக்கு வந்தால் புத்தரின் வாழ்க்கை. எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பீர்கள்.

உருவங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அவற்றுக்குக் கீழே ஓடும் இந்த ஓவியப் பட்டையைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு சுற்று மேலே பார்த்தபடி, இன்னொரு சுற்று கீழே பார்த்தபடி. இப்படிச் செய்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

செய்யக் கூடாதவை நான்கைந்து. உள்ளே படம் எடுக்கத் தடை, போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். சுவரைத் தொடக் கூடாது. மண்சுவரில் கைப்பசை ஏறினால் எடுக்க வழியில்லை. முதுகுப் பையை வெளியே வையுங்கள். நீங்கள் பத்திரமாகத்தான் நடப்பீர்கள், திரும்பும்போது பை உரசும். சூடம், ஊதுபத்தி வேண்டாம். வெண்ணெய் விளக்கு ஏற்ற ஆசை இருந்தால் லாமாவிடம் கேளுங்கள், அதற்கென்று இடம் இருக்கும். கும்பிடும்போது தூணில் நெற்றியை வைப்பது நமக்குப் பழக்கம், இங்கே கொஞ்சம் தள்ளி நின்று கும்பிட்டால் போதும்.

வளாகத்தின் மற்ற சிறு கோயில்கள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். பிரதானக் கோயிலைப் பொறுமையாகப் பார்த்தவர்களிடம் லாமாக்கள் அவற்றையும் திறந்துகாட்டுவதுண்டு. கேட்டுப் பாருங்கள். பிற்பகலில் ஊருக்கு மேலே சாலையோரக் குகைகளுக்கு மெதுவாக ஏறலாம். மூச்சு வாங்கினால் நில்லுங்கள், அதுவும் உயரத்துக்குப் பழகும் பயிற்சிதான்.

8. கியூ: போக வேண்டுமா?

தாபோவிலிருந்து சும்டோ பக்கம் கொஞ்சம் திரும்பிவந்து, பிரதான சாலையிலிருந்து விலகி எட்டு கிலோமீட்டர் போனால் கியூ கிராமம். உட்கார்ந்த நிலையிலேயே இயற்கையாக உலர்ந்த ஒரு துறவியின் உடல் அங்கே கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. 1975 நிலநடுக்கத்துக்குப் பின் தெரியவந்தது.

என் கருத்து: தாபோவுக்கு இரண்டாம் நாள் பிற்பகல் மிச்சம் இருந்தால் மட்டும் போங்கள். தாபோவின் நேரத்தைக் குறைத்துக்கொண்டு போக வேண்டாம். அது கிராமத்தாருக்கு வணக்கத்துக்குரிய உடல். கூட வரும் குழந்தைகளிடம் முன்பே விளக்கிச் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள். உள்ளே "பேய்" என்று சிரிப்பது அவர்களுக்கு வலிக்கும்.

9. தங்கர், லாலுங்: காசா போகிற வழியில்

தாபோவை விட்டுக் காலையில் கிளம்புங்கள். ஷிச்லிங்கிலிருந்து எட்டு கிலோமீட்டர் ஏறினால் தங்கர், ஏறக்குறைய 3,900 மீட்டர். மண்ணும் சரளையுமாக நிற்கும் கூரான பாறை முகட்டில் பழைய கோம்பா தொங்கிக்கொண்டிருக்கிறது. கீழே கட்டிய புதுக் கோம்பாவில் விசாரித்துவிட்டு மேலே போங்கள். சிறு அருங்காட்சியகமும் இருக்கிறது, அதன் கதவும் கேட்டால்தான் திறக்கும்.

அழியும் ஆபத்தில் உள்ள நூறு இடங்களின் பட்டியலில் 2006இல் உலக நினைவுச்சின்ன நிதியம் சேர்த்த கட்டடம் இது. மேல் அறைகளில் ஒரே நேரத்தில் அதிகம் பேர் ஏறக் கூடாது. பெரிய குழுவாக வந்தால் நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். மொட்டைமாடியில் படம் எடுக்கக் கூட்டமாக நிற்காதீர்கள். குச்சியும் மண்ணும் சேர்த்துப் போட்ட கூரை அது, மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம்.

தங்கர் ஏரிக்குச் செங்குத்தான நடை. அன்றைக்கு உடம்பு எப்படி என்று பார்த்து முடிவு செய்யுங்கள். தலை லேசாக வலித்தாலும் ஏரியை விட்டுவிட்டு, லிங்டி பள்ளத்தாக்கில் இருக்கும் லாலுங்குக்குப் போகலாம். தாபோவின் சுதை உருவங்கள் பிடித்திருந்தால் லாலுங்கின் சிறிய மண்டபத்தை விடக் கூடாது. சுவர் முழுக்க உருவங்கள், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். அதனாலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நல்லது. இங்கே கூட்டம் வராது, சாவிக்காகக் காத்திருக்கத்தான் வேண்டும்.

10. காசாவைத் தளமாக்கி மேலே போய் வருவது

காசாவில் இறங்கிய நாள் எங்கும் ஏறாதீர்கள். மறுநாள் கீ கோம்பா, சுமார் 4,160 மீட்டர். அதற்கு அடுத்த நாள் கோமிக் கிராமம், 4,500 மீட்டருக்கு மேல். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். இரண்டுக்குமே பகலில் போய் இரவு காசாவுக்கே வந்துவிடுங்கள். மேலே தங்கும் வீடுகள் அழகாக இருக்கும்தான், ஆனால் முதல் பயணத்தில் வேண்டாம்.

கீ கோம்பாவில் பலர் செய்வது இது: எதிர்மேட்டிலிருந்து படம் எடுப்பது, முற்றத்தில் இன்னொரு படம், கிளம்புவது. உள்ளே பழைய பிரார்த்தனை அறைகளுக்குக் குறுகிய படிகளில் ஏறி இறங்கிப் போக வேண்டும், ஒரு துறவி கூட வந்தால்தான் வழி தெரியும். சமையலறையில் மூலிகைத் தேநீர் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாமல் உட்கார்ந்து குடியுங்கள், "பழைய அறைகளைப் பார்க்கலாமா" என்று கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. உள்ளே இங்கும் படம் கூடாது.

மலைநோய் பற்றி ஒரு முக்கிய விஷயம். லேசான தலைவலி, பசியின்மை சாதாரணம். அன்றைக்கு மேலே ஏறாமல் ஓய்வெடுங்கள். தலைவலி மாத்திரைக்கு அடங்கவில்லை, வாந்தி வருகிறது, நடை தள்ளாடுகிறது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால், காசா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு உடனே கீழே இறங்க வேண்டும். கீழே என்றால் எந்தப் பக்கம்? மணாலி பக்கம் போனால் குன்சும் ஏறித்தான் ஆக வேண்டும், நோயாளிக்கு அது ஆபத்து. தாபோ, கின்னௌர் பக்கம்தான் உண்மையில் இறக்கம். பதற்றத்தில் பலருக்கு இது தோன்றுவதில்லை, "மணாலி பக்கம்தானே பெரிய ஆஸ்பத்திரி" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

11. வாங்கக் கூடாதவை

லாங்சா பக்கம் குழந்தைகள் சுருள்வடிவக் கற்களை நீட்டுவார்கள். கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள். வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும் வரை தோண்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

"நூறு வருஷப் பழைய தங்கா" என்று யாராவது துணி ஓவியம் காட்டினால் இரண்டில் ஒன்றுதான். பொய்யென்றால் பணம் போச்சு. உண்மையென்றால் வம்பு: 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. புதுத் தங்கா, கம்பளிச் சால்வை, காய்ந்த ஆப்ரிகாட் போதும்.

மணிக் கற்களை, அதாவது மந்திரம் செதுக்கிச் சுவராக அடுக்கியவற்றை, ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. அந்தச் சுவரைத் தாண்டும்போது அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடங்கள்.

12. மணாலி வழியாக வெளியேறுவது

காசாவிலிருந்து விடியும்போதே கிளம்புங்கள். குன்சும் தாண்டி பதாலுக்கும் சத்ருவுக்கும் இடையே ஓடைகள் சாலையின் குறுக்கே ஓடுகின்றன. பனி உருகும் பிற்பகலில் தண்ணீர் ஏறும், சின்னக் கார்கள் மாட்டிக்கொள்ளும். நண்பகலுக்குள் அந்தப் பகுதியைக் கடந்துவிட்டால் கவலையில்லை.

சுரங்கத்துக்கு முன் ஒரு நாள் மிச்சமிருப்பவர்கள் கேலாங் போய் அங்குள்ள லாஹௌல் ஸ்பிதி பழங்குடி அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். கோம்பாக்களில் தூரத்திலிருந்து பார்த்த வீட்டுச் சாமான்கள், உடைகள், இசைக்கருவிகளைக் கிட்டே நின்று பார்க்க வாய்ப்பு. அதனால் இதைக் கடைசியில் வைப்பதே சரி. முதலில் பார்த்தால் எது எதற்கு என்று புரியாது.

அந்த ஒரு நாள் இல்லாதவர்கள் மணாலியில் இரவு தங்கி, மறுநாள் குலு போகும் வழியில் நகர் கிராமத்தில் இறங்குங்கள். சராஹனில் பார்த்த அதே மரமும் கல்லும் அடுக்கிய வேலையில் ஒரு பழைய கோட்டை, கொஞ்சம் மேலே ஓவியர் ரோரிக் வாழ்ந்த வீடு. முதலில் ரோரிக் வீட்டுக்கு ஏறிவிட்டு இறங்கும்போது கோட்டையைப் பாருங்கள். கோட்டையில் சாப்பிட இடம் இருக்கிறது, இரவு பஸ்ஸுக்கு மணாலிக்கோ குலுவுக்கோ போக அங்கிருந்து வண்டியும் சுலபமாகக் கிடைக்கும்.